கட்டடத் தொழிலும் உரிமச் சட்டமும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், மக்கள் வாழ்வை நாள்தோறும் காத்து நிற்கும் ஏற்பாடுகள் பல எந்தப் போர்க்களத்திலும் பிறந்தவை அல்ல. வீடுகளிலும் பள்ளிகளிலும் நேர்ந்த துன்பங்களிலிருந்து அவை பிறந்தன. அத்தகைய ஏற்பாடு ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கட்டட ஒப்பந்தக்காரர், குழாய் பொருத்துவோர், மின்கம்பி அமைப்போர் முதலியோர் அரசிடம் உரிமம் பெற்ற பின்னரே தொழில் செய்ய வேண்டும் என்னும் விதி எவ்வாறு தோன்றியது? யாருக்காகத் தோன்றியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே என் நோக்கம்.

முதலில் இத்தொழில்களின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். புரட்டிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்கிவிட்டு நல்லதை எடுத்துக் கொள்கிறோம். துணி வாங்கினால் விரலால் தடவிப் பார்க்கிறோம். ஆனால், அஸ்திவாரத்தின் ஆழத்தை மண் மூடிவிடுகிறது. தூணுக்குள் இட்ட கம்பியைக் காரை மூடிவிடுகிறது. மின்கம்பியின் இணைப்பைச் சுவர் மூடிவிடுகிறது. வேலை முடிந்தபின் நம் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைப் பூச்சு ஒன்றே. செய்தவன் அறிவான், குடியிருப்பவன் அறியான். இந்த அறியாமை குடியிருப்பவனுடைய குற்றமன்று. தொழிலின் தன்மையே அது. ஆகவே, காண இயலாதவன் சார்பில் கண்டு சொல்வதற்கு வேறொருவர் தேவைப்படுகிறார். உரிமச் சட்டத்தின் வேர் இதுவே.

பழங்காலத்தவர் இச்சிக்கலை வேறு வகையில் தீர்க்க முயன்றனர். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத் தொகுப்பு கருங்கல்லில் பொறிக்கப்பெற்றது. 1901-ஆம் ஆண்டில் சூசா நகரின் இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்ட அக்கல், இன்று பாரிசு நகரின் லூவர் காட்சிச் சாலையில் உள்ளது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்குரியவன் இறந்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை என்று அச்சட்டம் கூறுகிறது. வீட்டுக்குரியவனின் மகன் இறந்தாலோ, கட்டியவனின் மகன் கொல்லப்பட வேண்டும்! கடுமையில் இதனை விஞ்சக்கூடிய சட்டம் அரிது. ஆனால், அது இறந்தவனை எழுப்பவில்லை. ஒரு பாவமும் அறியாத மற்றொரு சிறுவனையும் பலி கொண்டது. வீடு விழுந்த பின்னர் பேசும் சட்டம் அது. வீடு எழுவதற்கு முன் பேசும் சட்டத்தைக் காண மனித குலம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் தொழிற்சங்கங்கள் தோன்றின. கொற்றர், தச்சர், கல்தச்சர் ஆகியோர் தத்தம் சங்கத்தில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றுத் தேறினாலன்றி நகரத்தில் தொழில் செய்ய இயலாது. தகுதியை முன்கூட்டியே கேட்கும் வழக்கம் இங்கே காணப்படுகிறது. எனினும், கேட்டவர் அரசரும் அல்லர், குடியிருப்பவரும் அல்லர், அத்தொழிலாளரே கேட்டனர். எனவே, தரத்தைக் காக்கும் வேலி நாளடைவில் வெளியாரைத் தடுக்கும் வேலியாகவும் மாறிற்று.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரம் நான்கு நாள்கள் எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. மறு ஆண்டில் இயற்றப்பெற்ற புனரமைப்புச் சட்டம், புதிய வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டும் என்று விதித்தது. அதே சட்டம், நகரச் சங்கங்களைச் சேராத வெளியூர்க் கொற்றரும் தச்சரும் நகருக்குள் வந்து வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்தும் விட்டது. ஏழு ஆண்டுகள் உழைத்தவர்க்கு வாழ்நாள் முழுதும் அவ்வுரிமை உண்டு என்றும் கூறிற்று. கட்டடத்தின் தரத்தை இறுக்கிய கையே, கட்டுபவர்க்கு இருந்த தடையைத் தளர்த்தியது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தற்கால உரிமச் சட்டத்தின் வளர்ச்சியைத் தெளிவாகக் காண அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு பெரிதும் உதவும். அந்நாட்டில் இத்தகைய சட்டம் இயற்றும் பொறுப்பு மத்திய அரசிடம் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி இயற்றிக் கொள்கிறது. ஆகவே, ஒரு மாநிலம் கற்ற பாடத்தை அடுத்த மாநிலம் கல்லாமலும் இருக்கக்கூடும்.

உரிமம் என்னும் கருவி நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு இடைவெளியில் வழங்கிய இரு தீர்ப்புகள் காட்டுகின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1880-ஆம் ஆண்டில் ஒரு விதி இயற்றப்பட்டது. மரக் கட்டடத்தில் சலவைச் சாலை நடத்துவோர் நகர மன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்பது அவ்விதி. தீ விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அந்நகரில் இருந்த ஏறத்தாழ 320 சலவைச் சாலைகளில் 310 மரத்தால் ஆனவை. அவற்றை நடத்தியோரில் பெரும்பாலோர் சீனர். சீனர் இருநூறு பேர் விண்ணப்பித்தனர். அனைவருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனரல்லாத எண்பது பேரோ, அதே போன்ற மரக் கட்டடங்களில், தடையின்றித் தொழில் நடத்தினர். யிக் வோ வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில் 1886-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. எழுத்தில் நேர்மையாகத் தோன்றும் சட்டமும், நடைமுறையில் ஓரினத்தாரை ஒடுக்குமாயின் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது.

1889-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின்முன் டென்ட் என்னும் மருத்துவரின் வழக்கு வந்தது. உரிமம் இன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்ற மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சட்டத்தை நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. ஆனால், இரண்டு நிபந்தனைகளை அது சுட்டியது. கேட்கப்படும் தகுதி அத்தொழிலுக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். படிப்பாலும் முயற்சியாலும் அடையக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மருத்துவருக்காகச் சொல்லப்பட்ட இவ்விரு நிபந்தனைகளும் கொத்தனாருக்கும் குழாய்த் தொழிலாளருக்கும் பொருந்தும் உரைகல் ஆகும்.

இனிக் கலிபோர்னியா மாநிலத்தை நோக்குவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீர்த் துறைத் தலைவராக விளங்கியவர் வில்லியம் முல்ஹாலண்டு. அயர்லாந்தில் பிறந்து, கால்வாய் காக்கும் எளிய வேலையில் சேர்ந்து, தாமே கற்றுப் பெரும் பொறியாளராக உயர்ந்தவர். 233 மைல் நீளமுள்ள கால்வாயை 1913-ஆம் ஆண்டில் முடித்து, வறண்ட நகருக்கு நீர் கொணர்ந்த பெருமை அவருடையது. அவர் பின்னர் எழுப்பிய செயின்ட் பிரான்சிஸ் அணை 1926-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், அணையில் கசிவு தோன்றியதாகச் செய்தி வரவே, அவர் நேரில் சென்று பார்த்தார். அபாயம் இல்லை என்று கூறித் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் அணை உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விசாரணை செய்த குழு முல்ஹாலண்டு மீது குற்றவியல் பொறுப்பு எதனையும் சுமத்தவில்லை. ஆனால், எத்துணைப் பெரிய வல்லுநராயினும் ஒரு மனிதரின் தனி முடிவுக்கே ஒரு பேரணையை விட்டுவிடலாகாது என்று அறிவுறுத்தியது. இது சிந்திக்கத்தக்கது. அங்கே குறைவுபட்டது திறமையன்று, நேர்மையுமன்று. அவரை வினவும் அதிகாரம் படைத்த இரண்டாமவர் இல்லை என்பதே குறை. அடுத்த ஆண்டிலேயே, 1929-இல், அணைகளை மாநிலம் மேற்பார்வையிடும் சட்டமும், கட்டுமானப் பொறியாளர் பதிவுச் சட்டமும் கலிபோர்னியாவில் வந்தன.

அதே 1929-ஆம் ஆண்டில்தான் கட்டட ஒப்பந்தக்காரர்க்கான உரிமத் துறையும் அம்மாநிலத்தில் நிறுவப்பட்டது. 1935-இல் அது எழுவர் கொண்ட வாரியத்தின் பொறுப்பில் வந்தது. ஆயினும், ஒப்பந்தக்காரரின் தொழிலறிவைத் தேர்வு வைத்து அறிவது 1938-ஆம் ஆண்டில்தான் கட்டாயமாயிற்று. அனுபவத்துக்கான அளவை வகுக்கும் அதிகாரம் 1947-க்குள் வாரியத்துக்குக் கிடைத்தது. ஒரு சட்டம் ஒரே நாளில் முழு வடிவம் பெறுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இதற்கிடையே மற்றொரு பேரிடர் நேர்ந்தது. 1933-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் மாலை 5 மணி 54 நிமிடத்துக்கு லாங் பீச் நகரப் பகுதியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ 120 பேர் இறந்தனர். எழுபது பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. மேலும் 120 பள்ளிகள் பெரிதும் பழுதுற்றன. நேரம் மாலையாக இருந்தமையால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. சில மணி நேரம் முந்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சம் நடுங்குகிறது. கம்பி இடாத செங்கற் சுவர்களும் வலுவற்ற சாந்துமே அழிவுக்குக் காரணம் என்று கண்டனர். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-ஆம் நாள், பீல்டு சட்டம் நிறைவேறியது. அதன்படி, அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தைத் தகுதி பெற்றவரே வரைய வேண்டும். மாநிலத் துறை அதனைச் சரிபார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதே தொடர்ந்து மேற்பார்வை செய்ய வேண்டும்.

இப்போது அம்மாநிலத்தில் ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டுவோர் நான்கு ஆண்டு தொழில் அனுபவம் காட்ட வேண்டும்; தொழிலறிவிலும் சட்ட அறிவிலும் தேர்வெழுத வேண்டும்; 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைக்க வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் வாங்கலாகாது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்தவர், கூலி கேட்டு நீதிமன்றம் செல்லவும் இயலாது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுச் செல்வோரால் துன்புற்ற எளிய குடும்பங்களை எண்ணியே இவ்விதிகள் வகுக்கப்பட்டன என்பது வெளிப்படை.

கலிபோர்னியப் பிள்ளைகளைக் காலம் காத்தது. டெக்சாஸ் மாநிலப் பிள்ளைகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அம்மாநிலத்தின் எண்ணெய் வயல்களுக்கு நடுவே நியூ லண்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கே செல்வச் செழிப்புள்ள பள்ளி ஒன்று இருந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு, எண்ணெய்க் கிணற்று வாயு செல்லும் குழாயிலிருந்து கிளைக் குழாய் ஒன்றைப் பள்ளிக்கு இழுத்துக் கொண்டனர். அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இணைப்பில் கசிந்த வாயு தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் மெல்ல நிறைந்தது. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள், பள்ளி விடும் நேரம் நெருங்கிய வேளையில், கைத்தொழில் வகுப்பில் மின்பொறி ஒன்றை இயக்கியபோது எழுந்த சிறு தீப்பொறி போதுமானதாயிற்று. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 295 பேர் மாண்டனர். ஒரு குழாய் இணைப்பு. அதனைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை.

அவ்வாண்டிலேயே டெக்சாஸ் மாநிலம் எரிவாயுவில் கெட்ட வாடை கலக்க வேண்டும் என்று விதித்தது. பொறியாளர்க்கு உரிமம் தேவை என்னும் சட்டத்தையும் இயற்றியது. இன்று நம் அடுக்களையில் சமையல் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வருகிறதல்லவா? அவ்வாடை வாயுவுக்கு உரியதன்று. நம்மை எச்சரிப்பதற்காகவே கலக்கப்படுவது. அதற்குப் பின்னால் எத்தனை குழந்தைகளின் உயிர் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெக்சாஸில் குழாய்த் தொழிலாளர் உரிமச் சட்டம் 1947-ஆம் ஆண்டில் வந்தது. ஆனால், அம்மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசின் வாரியங்கள் பலவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டில் சட்டமன்றம் குழாய்த் தொழில் வாரியத்தைப் புதுப்பிக்காமலே கலைந்தது. உரிம முறையே மறைந்துவிடும் நிலை ஏற்பட்டபோது, தொழிலாளரே அதற்கு எதிராகக் குரல் எழுப்பினர். 2017-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் நடைபெறும் சீரமைப்பைக் காரணம் காட்டி ஆளுநர் ஆணை பிறப்பித்து அதனை நீட்டித்தார். பின்னர் 2021-இல் சட்டமன்றம் அதனை நிலைநிறுத்தியது. துன்பம் நேர்ந்தபோது சட்டம் பிறக்கிறது. துன்பம் மறந்தபோது சட்டம் தளர்கிறது. வரலாற்றைப் படிக்க வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

உரிமத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நாம் நடுநிலையோடு கேட்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளருள் நூற்றுக்கு ஐவர்க்கும் குறைவானவர்க்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்தபின் அது நூற்றுக்கு இருபத்தைந்து பேராக வளர்ந்தது. ஒரு மாநிலத்தில் தேறியவர் அடுத்த மாநிலம் சென்றால் மீண்டும் தேர்வெழுத நேர்கிறது. கட்டணமும் காலமும் ஏழைத் தொழிலாளியின் வழியை அடைக்கின்றன. இதனை உணர்ந்த அரிசோனா மாநிலம், 2019-ஆம் ஆண்டில், பிற மாநில உரிமங்களைத் தகுந்த நிபந்தனைகளுடன் ஏற்கும் சட்டத்தை இயற்றியது. 1667-இல் இலண்டன் செய்ததை ஒத்த செயல் இது. வீட்டின் தரம் குறையாமலே தொழிலாளியின் வழியை விரிவாக்கலாம்.

நான் பணிபுரிந்த ஊர் ஒன்றில் முதிய கொத்தனார் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இரு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டி, எழும் ஓசையைக் கொண்டே நன்றாகச் சுட்டதா, வேகாததா என்று கூறிவிடுவார், ஒருநாளும் தவறியதில்லை. அவரைப் போன்றவரை விலக்கிவிட்டு, நூலை மட்டும் மனப்பாடம் செய்தவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, நல்ல தேர்வாகாது. கை கற்ற கல்வியை அறியும் வகையில் தேர்வு அமைய வேண்டும். அதே வேளையில், அவருடைய கைத்திறன் எனக்குத் தெரிந்தது, அவ்வூரில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தமையால்தான். நேற்று வந்து குடியேறிய ஒருவருக்கு அது எவ்வாறு தெரியும்? முகம் அறிந்த சிற்றூரில் ஊரார் வாய்ச்சொல்லே உரிமம். முகம் அறியா நகரத்தில் அரசின் எழுத்தே அவ்விடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இக்கருத்து சட்டமாகி உள்ளது. மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பதை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன. பின்னர் வந்த ஒழுங்குமுறைகளும் அதனைத் தொடர்ந்தன. பள்ளி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்பது தமிழகத்தில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பொறியாளரின் உறுதிச் சான்றையும் வட்டாட்சியரின் உரிமத்தையும் உரிய காலத்தில் பெற்று வைப்பது என் கடமைகளுள் ஒன்று. சட்டம் இருந்தும், 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். அதன்பின் அத்தாள்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அவை வெறும் தாள்களாக எனக்குத் தோன்றியதில்லை. உரிமம் தாளில் இருந்தால் போதாது; கொடுப்பவர் நேரில் வந்து பார்க்க வேண்டும், பெறுபவர் உண்மையைக் காட்ட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஒப்பந்தக்காரர் ஆவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் மன்றத்திலும் அமர்வீர்கள். எல்லோரும் ஏதேனும் ஒரு கூரையின்கீழ் வாழ்வீர்கள். எந்த உரிமத்தைக் கண்டாலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். சுவருக்குள் இருப்பதைக் காண முடியாதவரை இது காக்கிறதா? உழைத்துக் கற்ற ஒருவர் இதனை அடைய முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை வருமாயின் அவ்வுரிமத்தை மதித்துப் பேணுங்கள். ஏதேனும் ஒன்றுக்கு இல்லை என்று விடை வருமாயின் அதனைத் திருத்த முயலுங்கள். நாளை நீங்கள் கட்டும் பள்ளியில் அமரப்போகும் குழந்தைக்கு அஸ்திவாரத்தின் ஆழம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு இருக்கலாகாது.